காப்பீடு: படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்



கைநாட்டு வைத்த காலத்தில் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. படித்துச் சொன்னவரை நம்பத்தான் வேண்டும். இன்று அப்படி இல்லை. கையெழுத்துப் போடத் தெரிந்தவருக்குப் படிக்கவும் தெரியும். அப்படிப் படிக்க வேண்டிய ஒரு தாளைப் பற்றியதுதான் இந்தப் பேச்சு. அதன் பெயர் காப்பீட்டுப் பத்திரம். மக்கள் வழக்கில் இன்சூரன்ஸ் பாலிசி.

வண்டிக்குக் காப்பீடு உண்டு. வீட்டுக்கு உண்டு. பயணத்துக்கும் உண்டு. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அதற்கு முன் ஒரு கேள்வி.

காப்பீடு என்றால் என்ன?

ஒரு தெருவில் 100 வீடுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு வீட்டில் தீப்பிடிக்கிறது. 50,000 ரூபாய் நட்டம். அந்த ஒரு குடும்பத்தால் இதைத் தாங்க முடியாது. கடன் வாங்கும். வட்டி கட்டும். தாலி அடகுக்குப் போகும்.

100 வீட்டாரும் ஆளுக்கு 500 ரூபாய் போட்டு வைத்தால் என்ன ஆகும்? 100 பெருக்கல் 500, ஆக 50,000 ரூபாய். எரிந்த வீட்டின் நட்டம் முழுவதும் ஈடாகிவிடும். மற்ற 99 வீட்டாருக்கு 500 ரூபாயோடு முடிந்தது. பலர் போடும் சிறு பணம், ஒருவருடைய பெரு நட்டத்தைத் தாங்குகிறது. இதுதான் காப்பீடு.

“ஒன்றும் நடக்கவில்லை. கட்டிய பணம் வீண்தானே?” என்று சிலர் கேட்பார்கள். ஊர்க் காவலுக்கு ஆள் வைக்கிறோம். அந்த மாதம் திருடன் வரவில்லை. அதற்காகக் காவல்காரரிடம் சம்பளத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. வண்டிக்கும் வீட்டுக்கும் கட்டும் காப்பீட்டுப் பணமும் அப்படித்தான். அது சேமிப்பு அல்ல. காவல் கூலி.

சில சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது. கட்டும் பணத்துக்குப் பிரீமியம் என்று பெயர். கிடைக்கக்கூடிய அதிக அளவுப் பணம் காப்புத் தொகை. நட்டம் வந்தபின் பணம் கேட்பது கிளெய்ம். பாலிசிக்காரர் இறந்துபோனால் பணத்தைப் பெற, அவர் எழுதி வைத்த ஆள் நாமினி.

இந்தியாவில் 1973-ஆம் ஆண்டு பொதுக் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமை ஆயிற்று. அப்போது இருந்த 107 நிறுவனங்கள் நான்கு அரசு நிறுவனங்களாகச் சேர்க்கப்பட்டன. 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு தனியார் நிறுவனங்களும் வந்தன. அரசு நிறுவனமானாலும் தனியார் நிறுவனமானாலும், எல்லாவற்றையும் கண்காணிக்க ஓர் ஆணையம் இருக்கிறது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம் என்பது அதன் பெயர். அதன் தலைமை அலுவலகம் ஹைதராபாதில் உள்ளது.

ஒன்றை நினைவில் வையுங்கள். காப்பீடு என்பது எழுதிக் கொடுத்த வாக்குறுதி. முகவர் வாயால் சொன்னது பின்னால் நிற்காது. தாளில் எழுதியிருப்பதுதான் நிற்கும்.

வண்டிக் காப்பீடு

மோட்டார் வண்டி வைத்திருப்பவர் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். இது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கட்டளை. காப்பீடு இல்லாமல் வண்டி ஓட்டிப் பிடிபட்டால், முதல் முறை 2,000 ரூபாய் அபராதம். அல்லது மூன்று மாதம் வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் வரலாம். மறுபடி பிடிபட்டால் அபராதம் 4,000 ரூபாய். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த தொகைகள் இவை.

ஆனால் அபராதத்துக்குப் பயந்து காப்பீடு எடுப்பது பாதி அறிவு. முழுக் காரணம் வேறு.

ஒரு கட்டட மேஸ்திரி தன் மொபெட்டில் வேலைக்குப் போகிறார். குறுக்கே வந்த பெரியவர் மேல் வண்டி மோதிவிடுகிறது. பெரியவர் இறந்துவிடுகிறார். அவர் குடும்பம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகிறது. இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் ஆகியவற்றைத் தீர்ப்பாயம் பார்க்கிறது. பல லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வருகிறது. காப்பீடு இருந்தால் அந்தப் பணத்தை நிறுவனம் கொடுக்கும். இல்லாவிட்டால் மேஸ்திரிதான் கொடுக்க வேண்டும். அவருடைய வீடும் நிலமும் ஜப்திக்குப் போகலாம். ஒரே விபத்தில் இரண்டு குடும்பங்கள் அழியும்.

இந்த நிலை வராமல் காப்பதுதான் மூன்றாம் நபர் காப்பீடு. வண்டிக்காரர் முதல் நபர். காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் நபர். வண்டியால் பாதிக்கப்பட்ட வெளியாள் மூன்றாம் நபர். மூன்றாம் நபர் இறந்தாலோ காயப்பட்டாலோ தீர்ப்பாயம் சொல்லும் தொகையை நிறுவனம் கொடுக்கும். அதற்கு உச்ச வரம்பு கிடையாது.

இதற்கு ஆகும் செலவு எவ்வளவு? மூன்றாம் நபர் காப்பீட்டின் பிரீமியத்தை அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பில், 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரை உள்ள இருசக்கர வண்டிக்கு ஆண்டுக்கு 714 ரூபாய். 1,000 சி.சி. வரை உள்ள சொந்தக் காருக்கு 2,094 ரூபாய். வரி தனி. இருசக்கர வண்டிக்கு நாள் கணக்குப் பார்த்தால் இரண்டு ரூபாயை ஒட்டி வரும். ஒரு தேநீர் விலைகூட இல்லை. இந்தத் தொகையை அரசு அவ்வப்போது மாற்றும். கட்டும்போது அன்றைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு செய்தி இருக்கிறது. மூன்றாம் நபர் பிரீமியம் எல்லா நிறுவனத்திலும் ஒன்றுதான். இதில் பேரம் இல்லை. “பாதி விலைக்குத் தருகிறேன்” என்று யாராவது சொன்னால் உஷாராக இருங்கள். போலிப் பாலிசி விற்பவர்கள் உண்டு. போலிச் சீட்டு போலீஸ்காரரிடம் காட்ட உதவலாம். விபத்து நடந்த நாளில் உதவாது. நிறுவனத்தின் அலுவலகத்திலோ, அரசின் எம்பரிவாஹன் செயலியிலோ வண்டி எண்ணைக் கொடுத்துப் பாலிசி உண்மையா என்று பார்க்கலாம்.

சொந்த வண்டிக்கு வரும் சேதம்

மூன்றாம் நபர் காப்பீடு வெளியாளுக்கானது. சொந்த வண்டி நொறுங்கினால் அதில் ஒரு ரூபாயும் வராது. வண்டி திருட்டுப் போனாலும் வராது. அதற்குச் சொந்தச் சேதக் காப்பீடு வேண்டும். இரண்டும் சேர்ந்த பாலிசிக்கு முழுக் காப்பீடு என்று பெயர். இந்தச் சொந்தச் சேதப் பகுதியின் விலை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதும் பேரம் பேச வேண்டியதும் இங்கேதான்.

புது வண்டி வாங்குபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2018 செப்டம்பர் 1 முதல், புது இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே எடுக்க வேண்டும். புதுக் காருக்கு மூன்று ஆண்டு. இது உச்ச நீதிமன்ற உத்தரவின்படி வந்தது. “ஐந்து வருட இன்சூரன்ஸ் இருக்கிறது” என்று வண்டிக்காரர் நிம்மதியாக இருப்பார். ஆனால் அதே தாளில் சொந்தச் சேதக் காப்பீடு பெரும்பாலும் ஓர் ஆண்டுக்குத்தான் இருக்கும். இரண்டாம் ஆண்டில் வண்டி திருட்டுப் போனால் கையில் ஒன்றும் வராது. ஆகவே பாலிசியில் இரண்டு தேதிகளைத் தேடுங்கள். மூன்றாம் நபர் காப்பு எந்தத் தேதி வரை? சொந்தச் சேதக் காப்பு எந்தத் தேதி வரை? இரண்டையும் சிவப்பு மையால் கோடிட்டு வையுங்கள்.

அடுத்து வண்டியின் மதிப்பு. பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். வண்டி முழுவதும் போய்விட்டால் கிடைக்கும் அதிகபட்சப் பணம் அதுதான். வயது ஏற ஏற மதிப்பு குறையும். ஓர் எடுத்துக்காட்டு. வண்டியின் கம்பெனி விலை 1,00,000 ரூபாய். வண்டிக்கு இரண்டு வயது முடிந்து, மூன்று முடியவில்லை. கழிவு 30 சதவீதம். மதிப்பு 70,000 ரூபாய். “பிரீமியத்தைக் குறைத்துத் தருகிறேன்” என்று சொல்லிச் சிலர் இந்த மதிப்பையே குறைத்து எழுதிவிடுவார்கள். 200 ரூபாய் மிச்சம் என்று மகிழ்ந்தவர், வண்டி திருட்டுப் போகும்போது பல ஆயிரம் இழப்பார்.

பழுது பார்க்கும் செலவும் முழுதாகக் கிடைக்காது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு விலையில் பாதிதான் கிடைக்கும். அதிலும் ஒரு சிறு தொகையை வண்டிக்காரர் ஏற்க வேண்டும். சிறிய காருக்கு அது பொதுவாக 1,000 ரூபாய். காரின் பிளாஸ்டிக் பம்பர் விலை 6,000 ரூபாய் என்றால், பாதி 3,000. அதில் 1,000 கழித்தால் கையில் வருவது 2,000. முழு விலையும் வேண்டுமென்றால் கழிவில்லாக் காப்பீடு என்று தனியாகப் பணம் கட்டி எடுக்க வேண்டும். புது வண்டிக்கு அது பயன்படும்.

கிளெய்ம் கேட்காத ஆண்டுக்குப் பரிசு உண்டு. அடுத்த ஆண்டு சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. தொடர்ந்து கேட்காவிட்டால் 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாம் முறை 50 சதவீதம். பிரீமியம் 4,000 ரூபாய் என்றால் 20 சதவீதம் 800 ரூபாய். 500 ரூபாய்க் கீறலுக்குக் கிளெய்ம் கேட்டால் 800 ரூபாய்த் தள்ளுபடி போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு கேளுங்கள். இந்தத் தள்ளுபடி வண்டிக்கு உரியது அல்ல, ஆளுக்கு உரியது. வண்டியை விற்றாலும் அது விற்றவரிடமே இருக்கும். ஆனால் பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் தள்ளுபடி போய்விடும்.

வண்டி ஓட்டும் உரிமையாளருக்கும் காப்பு உண்டு. 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பு அது. உரிமையாளர் விபத்தில் இறந்தால் நாமினிக்குப் பணம் கிடைக்கும். அவரிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும். ஏற்கெனவே இதே அளவு விபத்துக் காப்பு வைத்திருப்பவர் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. இருசக்கர வண்டியில் பின்னால் உட்காரும் மனைவிக்கோ பிள்ளைக்கோ காப்பு உண்டா என்பதைத் தனியாகக் கேளுங்கள். இதைப் பற்றி நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்திருக்கின்றன.

எப்போது பணம் மறுக்கப்படும்?

உரிமம் இல்லாதவர் ஓட்டினால் மறுப்பார்கள். குடித்துவிட்டு ஓட்டினால் மறுப்பார்கள். சொந்த உபயோகத்துக்கு என்று எழுதிய காரை வாடகைக்கு ஓட்டினாலும் மறுப்பார்கள்.

வெள்ளத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. எத்தனையோ வண்டிகள் மூழ்கின. வெள்ளச் சேதத்துக்கு முழுக் காப்பீட்டில் இடம் உண்டு. ஆனால் நீரில் நிற்கும் வண்டியைச் சாவி போட்டுக் கிளப்பினால், என்ஜினுக்குள் தண்ணீர் ஏறி அது உடையும். “இது வெள்ளத்தால் வந்த சேதம் அல்ல, கிளப்பியதால் வந்தது” என்று நிறுவனம் மறுக்கும். நீரில் நின்ற வண்டியைக் கிளப்பாதீர்கள். இழுத்துக்கொண்டு போகச் செய்யுங்கள். தாழ்வான பகுதியில் வசிப்பவர் என்ஜின் பாதுகாப்புக் காப்பைச் சேர்த்து எடுப்பது நல்லது.

பழைய வண்டி வாங்கினால் 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். விற்றவரும் பதிவுச் சான்று வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். மாறாத வரை வண்டியால் வரும் விபத்துக்குப் பழைய பெயர்க்காரர் பொறுப்பாகலாம்.

மோதிய வண்டி எது என்றே தெரியாமல் போவதும் உண்டு. அப்போதும் கை விரிக்க வேண்டாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தின்படி, இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. பலத்த காயம் பட்டவருக்கு 50,000 ரூபாய் உண்டு. காவல் நிலையத்தில் புகார் பதிவு செய்துவிட்டு, வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வீட்டுக் காப்பீடு

2001 ஜனவரி 26. குடியரசு நாள் காலை. குஜராத்தின் கட்ச் பகுதியில் பூமி அதிர்ந்தது. பூஜ் நகரமும் சுற்றியுள்ள ஊர்களும் இடிந்தன. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்கள், வாழ்நாள் உழைப்பில் கட்டிய வீடு மண்மேடாகக் கிடப்பதைப் பார்த்தார்கள். வண்டிக்குக் காப்பீடு கட்டும் பலர், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள வீட்டுக்குக் கட்டுவதில்லை. வீட்டுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை என்பதுதான் காரணம்.

இப்போது எளிய பாலிசி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பாரத் கிரக ரக்ஷா. 2021 ஏப்ரல் 1 முதல், தீ விபத்துக் காப்பீடு செய்யும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் இதைத் தர வேண்டும் என்று ஆணையம் சொல்லியிருக்கிறது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை விதிகள் ஒன்றே. தீ, இடி மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம் ஆகியவற்றால் வரும் சேதம் இதில் அடங்கும். பத்து ஆண்டு வரை சேர்த்து எடுக்கலாம். பிரீமியம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள்.

எவ்வளவு தொகைக்குக் காப்பீடு எடுப்பது? பலர் வீட்டின் விற்பனை விலையைச் சொல்கிறார்கள். அது தவறு. மனை எரியாது, இடியாது. மறுபடி கட்ட ஆகும் செலவுக்குத்தான் காப்பீடு வேண்டும். மனை 5 லட்சம், கட்டடம் 10 லட்சம் என்றால், 10 லட்சத்துக்கு எடுத்தால் போதும்.

வீட்டுக்குள் இருக்கும் பொருள்களுக்கு, கட்டடத் தொகையில் 20 சதவீதம் தானாகவே காப்பு உண்டு. உச்ச அளவு 10 லட்சம். கட்டடம் 10 லட்சம் என்றால் கட்டில், பீரோ, தொலைக்காட்சி முதலியவற்றுக்கு 2 லட்சம். பட்டியல் கொடுக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் வேண்டுமானால் சொல்லி எடுக்க வேண்டும். நகை இதில் தானாக வராது. தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

சில பாலிசிகளில் ஒரு வெட்டு இருக்கும். 10 லட்சம் பெறும் வீட்டை 5 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருப்பார்கள். 2 லட்சம் சேதம் வந்தால், பாதி மதிப்புக்குத்தானே எடுத்தாய் என்று 1 லட்சம் மட்டும் கொடுப்பார்கள். பாரத் கிரக ரக்ஷாவில் இந்த வெட்டு இல்லை. காப்புத் தொகை வரை உண்மையான சேதம் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியது திருட்டு. வெள்ளமோ தீயோ வந்து, அதை ஒட்டி ஏழு நாளுக்குள் திருட்டு நடந்தால் இந்தப் பாலிசியில் பணம் உண்டு. சாதாரண நாளில் பூட்டை உடைத்துத் திருடினால் கிடைக்காது. அதற்குத் திருட்டுக் காப்பீடு தனியாக வேண்டும். கூரை வீடு, தட்டி வீடு வைத்திருப்பவர்கள், அவ்வகை வீட்டை ஏற்பார்களா என்று பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவர் கட்டடத்துக்கு எடுக்க வேண்டாம். தன் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

சமையல் எரிவாயு வைத்திருக்கும் பல குடும்பங்களுக்குத் தெரியாத செய்தி ஒன்று. அரசு எண்ணெய் நிறுவனங்கள் எரிவாயு விபத்துகளுக்குத் தாமே காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. வாடிக்கையாளர் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. சிலிண்டர் விபத்தில் இறந்தால் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய். மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை. பதிவு செய்த வீட்டின் சேதத்துக்கு 2 லட்சம் வரை. விபத்து நடந்தால் உடனே விநியோகஸ்தருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இணைப்பில் உள்ள முகவரியும் குடியிருக்கும் முகவரியும் ஒன்றாக இருக்கட்டும்.

பயணக் காப்பீடு

2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பாகாநாகா பஜார் ரயில் நிலையத்தில் மூன்று ரயில்கள் சிக்கிய கோர விபத்து நடந்தது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேலை தேடி ஊர் விட்டு ஊர் போன பலர் அந்த ரயில்களில் இருந்தார்கள்.

இணையத்தில் ரயில் முன்பதிவு செய்யும்போது, “பயணக் காப்பீடு வேண்டுமா?” என்று ஒரு கேள்வி வரும். 2016 செப்டம்பரில் தொடங்கிய வசதி இது. கட்டணம் ஒருவருக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவு. விபத்தில் இறந்தாலும், முழு ஊனம் ஏற்பட்டாலும் 10 லட்சம் ரூபாய். பகுதி ஊனத்துக்கு 7.5 லட்சம் வரை. மருத்துவமனைச் செலவுக்கு 2 லட்சம் வரை. “வேண்டும்” என்று குறியிட்டால்தான் காப்பு உண்டு. குறியிட்ட பிறகு கைபேசிக்கு ஒரு செய்தி வரும். அதில் நாமினியின் பெயரை நிரப்ப வேண்டும். பலர் அதை நிரப்புவதில்லை. பிறகு பணம் பெறக் குடும்பம் வாரிசுச் சான்றுக்கு அலைய நேரும். டிக்கெட்டை வேறு ஒருவர் எடுத்துக் கொடுத்தால், “காப்பீட்டுக்குக் குறியிட்டீர்களா? யார் கைபேசி எண்ணைக் கொடுத்தீர்கள்?” என்று கேளுங்கள்.

நிலையத்தில் எடுக்கும் டிக்கெட்டுக்கு இந்தக் காப்பீடு இல்லை. பொதுப் பெட்டியில் போகிறவருக்கு ஒன்றும் இல்லையா? உண்டு. ரயில்வே சட்டப்படி, ரயில் விபத்தில் பயணி இறந்தால் 8 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. 2017 ஜனவரி 1 முதல் இந்தத் தொகை. ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கேட்க வேண்டும். முறையான டிக்கெட் இருந்தவர் பயணி. நடைமேடைச் சீட்டு வைத்திருந்தவருக்கும் இந்த உரிமை உண்டு. டிக்கெட் என்பது வெறும் பயணச் சீட்டு அல்ல, உரிமைச் சீட்டு.

எந்தப் பயணத்துக்கும் பொருந்தும் மலிவான காப்பு ஒன்று வங்கியில் இருக்கிறது. 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. 18 முதல் 70 வயது வரை உள்ளவர் சேரலாம். 2022 ஜூன் முதல் ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம் ரூபாய். பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். காப்பு ஜூன் 1 முதல் மே 31 வரை. பணம் மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து எடுக்கப்படும். அப்போது கணக்கில் 20 ரூபாய் இல்லாவிட்டால் காப்பு அறுந்துவிடும். மூன்று வங்கியில் கணக்கு இருந்தாலும் ஓர் ஆளுக்கு ஒரு காப்புதான்.

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு ஒரு காப்பீடு உண்டு. அது பிரவாசி பாரதிய பீமா யோஜனா. குடியேற்ற அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இதை எடுத்தே ஆக வேண்டும். விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய். 2017-இல் வகுத்தபடி இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். வரி தனி. ஏஜென்ட் எடுத்துவிட்டேன் என்று சொன்னால் பாலிசி நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நகலை ஊரில் உள்ள குடும்பத்திடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வாங்கும்போது என்ன செய்ய வேண்டும்?

முதலில் விண்ணப்பப் படிவம். அதை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். முகவர் எழுதினாலும், எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகு போடுங்கள். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். மறைத்த செய்தி பின்னால் பணத்தை மறுக்கக் காரணமாகும்.

பிரீமியம் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகே காப்பு தொடங்கும். காசோலை திரும்பி வந்தால் காப்பும் இல்லை. பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள்.

பாலிசி கைக்கு வந்ததும் ஐந்து செய்திகளைப் படியுங்கள்.

1. பெயர், முகவரி, வண்டி எண், நாமினி சரியா?
2. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை?
3. காப்புத் தொகை எவ்வளவு?
4. எதற்கெல்லாம் பணம் கிடைக்காது?
5. விபத்து நடந்தால் எந்த எண்ணுக்கு, எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்?

பாலிசி பல பக்கம் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் படிக்க வேண்டியதில்லை. பாலிசியோடு வாடிக்கையாளர் தகவல் தாள் என்று ஒன்று தர வேண்டும். முக்கியமான செய்திகள் சுருக்கமாக அதில் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். நாலாவது செய்திதான் எல்லாவற்றையும்விட முக்கியம். “என்ன கிடைக்கும்?” என்று எல்லோரும் கேட்பார்கள். “என்ன கிடைக்காது?” என்று கேட்பவர்தான் ஏமாற மாட்டார்.

“உங்கள் பாலிசிக்குப் போனஸ் வந்திருக்கிறது, முதலில் பணம் கட்டுங்கள்” என்று தொலைபேசியில் யாராவது பேசினால் இணைப்பைத் துண்டியுங்கள். ஆணையம் பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் தருவதும் இல்லை.

பணம் மறுக்கப்பட்டால்?

நட்டம் நடந்தவுடன் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். திருட்டு என்றால் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யுங்கள். சேதத்தைப் படம் எடுத்து வையுங்கள். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் முன் பழுது பார்க்காதீர்கள். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் இல்லை என்று நிறுவனம் சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தாள் போதவில்லை என்பதற்காக மட்டும் கிளெய்மைத் தள்ளக் கூடாது என்று ஆணையம் 2024-ஆம் ஆண்டு சொல்லியிருக்கிறது. காரணம் சரியில்லை என்று தோன்றினால், நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஆணையத்தின் 155255 என்ற எண்ணுக்கும் பேசலாம்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நாட்டில் பல நகரங்களில் இந்த அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை. வக்கீல் வேண்டாம். நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்திருக்கிறது.

இத்தனை வழிகளுக்கும் ஆதாரம் கையில் இருக்கும் தாள்தான். அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அவருக்கே ஏதாவது ஆகிவிட்டால் மற்றவர்களுக்கு வழி தெரியாது. கணவன் எடுத்த பாலிசியை மனைவி படிக்கட்டும். தாய் எடுத்ததை மகள் படிக்கட்டும். படித்தவர்கள், படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கும் படித்துக் காட்டுங்கள்.